கோலைப் படுக்கவைத்த காலை

விடிந்து பார்த்தபோது ஏரியைக் காணவில்லை.

அலங்காரத்துக்காக இப்படி எழுதவில்லை. முதல் நாள் மாலை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தளும்பிக்கொண்டிருந்த தண்ணீர், மறுநாள் காலையில் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகப் போயிருந்தது. இடையில் இருந்ததெல்லாம் சேறு. சூரியன் அப்போதுதான் மேலே வந்திருந்ததால் சேறு முழுக்க செம்பு நிறத்தில் மினுமினுத்தது. நண்டுகள் வெளியே வந்து பயமில்லாமல் நடந்தன. எங்கள் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூங்குகிற மாடு மாதிரி கிடந்தது.

அந்தப் படகில்தான் பிள்ளைகள் பரீட்சைக்குப் போக வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அன்றைக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் அவரவர் முக்கியப் பாடம். என் மகள் கீர்த்தனாவுக்குச் செவிலியர் பாடம். தேர்வு மையம் ஏரிக்கு அந்தப் பக்கம், பழவேற்காட்டில். பத்து மணிக்கு வினாத்தாள் கொடுத்துவிடுவார்கள்.

"இன்னாங்க இது?" என்று கத்தினேன்.

என் கணவர் ஏழுமலை இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். "மேக்காத்து. ராவெல்லாம் அடிச்சிகினு இருந்திச்சே, கேக்கல உனக்கு?"

கேட்டது. நல்ல காற்று, பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும் என்று ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன். அந்தக் காற்றுதான் ஏரியை அள்ளிக்கொண்டு கிழக்கே போயிருக்கிறது. பங்குனி மாதத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். கடல் தண்ணீர் உள்ளே வராது. இருக்கிற கொஞ்சத்தையும் காற்று ஒதுக்கிவிட்டால் மதியம் வரைக்கும் திரும்பாது.

இன்னொன்றும் நடந்திருந்தது. படகை எப்போதும் ஆழத்தில்தான் நிறுத்துவார். அன்றைக்கு முந்தின மாலை, பிள்ளைகள் கால் நனையாமல் ஏறட்டும் என்று, வீட்டுப் பக்கமாக இழுத்து வந்து கட்டியிருந்தார். மீனவராக அவர் அப்படிச் செய்திருக்கவே மாட்டார். அப்பாவாகச் செய்துவிட்டார்.

தண்ணீரை நம்பாதவள்

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு என்னைப் பற்றித் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இந்தத் தீவுக்காரி இல்லை. பொன்னேரிக்கு மேற்கே நெல் விளையும் ஊர். என் ஊரில் தண்ணீர் என்றால் வாய்க்காலில் வரும், மடையைத் திறந்தால் போகும், அடைத்தால் நிற்கும். பொன்னேரிக் கல்லூரியில் சரித்திரம் படித்தேன். அங்கே பேருந்து நிறுத்தத்தில் பார்த்த ஒரு மனிதருக்காக, சொன்ன பேச்சுக் கேட்காத ஏரி ஒன்றின் நடுவே வந்து குடியேறினேன்.

இன்றைக்கும் நீந்தத் தெரியாது. படகில் ஏறினால் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். "அம்மா புடிச்சிகினு இருக்கறதாலதான் போட்டு முயுவாம கீது" என்று கீர்த்தனா கிண்டல் செய்வாள்.

பயந்த சுபாவம். அதை மறைப்பதற்காகத்தான் பிள்ளைகளின் படிப்புக்குக் கால அட்டவணை போடுகிறேன் என்று நினைக்கிறேன். கீர்த்தனா பத்தாவது வந்தபோது எங்கள் முன்னறைச் சுவரில் முதல் அட்டவணை ஏறியது. பக்கத்து வீட்டு பவானி வந்து பார்த்தாள், அவளும் படிக்க உட்கார்ந்தாள். அப்புறம் தினேஷ் வந்தான். அப்புறம் இன்னும் சிலர். சாயங்காலம் மீன் குழம்பு வாசனைக்கு நடுவே என் வீடு பள்ளிக்கூடம் ஆகிவிடும்.

யாரும் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் நான் 'அத்த'.

"அத்த, அஞ்சு மார்க்கு கேள்விக்கு எம்மாம் எயுதணும்?"

"ஒரு பக்கம்."

"என் கையெயுத்துலயா, உங்க கையெயுத்துலயா?"

இது தினேஷ். அவன் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு நான்கே வரிகள்தான் அடங்கும்.

எனக்கு எப்போதும் ஒரே பயம். எங்கள் தீவில் ஒரு பரீட்சையைத் தவறவிட்ட பெண் பிள்ளைகள், மறு தேர்வு எழுதலாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வீட்டில் இருப்பார்கள். பிறகு ஒரு நாள் காலையில் இறால் உரிக்கும் கம்பெனியின் வேனுக்காக அக்கரையில் நிற்பார்கள். அந்த வேன் வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. ஆனால் அதில் ஏறிய யாரும் திரும்ப ஹால் டிக்கெட் வாங்கி நான் பார்த்ததில்லை.

வெள்ளைச் சீருடை

கீர்த்தனாவும் பவானியும் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் எடுத்தவர்கள். வகுப்பறைப் பாடத்தோடு ஆஸ்பத்திரிப் பயிற்சியும் உண்டு. பொன்னேரி போக வேண்டும். படகு, பேருந்து, பிறகு நடை.

வெள்ளைச் சீருடை எங்கள் தீவுக்கு ஏற்றதில்லை. எங்கள் அடிபம்புத் தண்ணீர் உப்பு. இரண்டு முறை துவைத்தால் வெள்ளை, பழுப்பாகிவிடும். அதனால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் துணி துவைத்தேன். "மனுசனுக்கு இல்லாத தண்ணி சட்டைக்கா?" என்றார் இவர். மறுநாள் அவரே ஒரு கேன் கூடுதலாகத் தூக்கி வந்து வைத்தார்.

ஷூவை பாலித்தீன் பையில் போட்டு, வெறுங்காலோடு படகேறி, பேருந்து நிறுத்தத்தில் போட்டுக்கொள்வார்கள். மாலையில் வரும்போது மறுபடியும் பையில் ஷூ, உடம்பெல்லாம் பினாயில் வாசனை.

பயிற்சி தொடங்கிய புதிதில் தீவில் ஒருவர் பாக்கியில்லாமல் நாடி பார்த்தாள் கீர்த்தனா. வலை தைக்கிறவர், குடம் தூக்கிப் போகிறவர், எவர் கையும் தப்பவில்லை. பெரிய ஆம்பிளைகள் கூட, கையை நீட்டிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் போல அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

"இருக்குதா?" என்பார்கள்.

"இருக்குது மாமா."

"அப்பாடா."

வாய்மொழித் தேர்வுக்காக நான் கண்ணாடி போட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். தினேஷ் நோயாளி. தரையில் படுத்து முனகுவான்.

"பேஷண்ட் மயக்கமா வர்றாரு. முதல்ல இன்னா பண்ணுவ?"

"பேர் கேப்பேன்."

"மயக்கத்துல இருக்கறவரு எப்பிடிச் சொல்லுவாரு?"

"தினேஷு" என்று கீழேயிருந்து பலவீனமாக ஒரு குரல் வரும். அதற்குமேல் பாடம் நடக்காது.

ஒரு நாள் மட்டும் அவள் சிரிக்காமல் வந்தாள். ஷூப் பையை மூலையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிரசவ அறையில் ஓரமாக நின்று பார்க்க அனுமதித்திருக்கிறார்கள்.

"கொயந்த வந்திச்சும்மா. ஆனா அழுவல. ரூம்ல யாருமே பேசல. அத்தினி பேரும் அப்பிடியே நின்னாங்க. அந்த நர்சம்மா முதுவத் தேச்சிகினே இருந்தாங்க. அப்புறம் அழுதிச்சு."

"நீ இன்னா பண்ண?"

"நானும் அழுதேன். வெளிய போன்னுட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அந்த அமைதியை அவள் விவரித்த விதம் எனக்குள் தங்கிவிட்டது. எல்லோரும் கைகளைத் தாழ்த்தி நின்றார்களாம், யாரோ வருவதற்கு வழிவிடுவது போல.

சேற்றில்

மறுபடியும் அந்தக் காலைக்கு வருகிறேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கரையில் நின்று சேற்றைப் பார்த்தார்கள். நான் மணியைப் பார்த்தேன். நடந்து போக முடியாது. சில இடங்களில் தொடை வரை இறங்கும், அடியில் சிப்பி ஓடுகள் கத்தி போல இருக்கும். பக்கத்துத் தீவான பசியாவரத்தில் தெரிந்தவருக்குப் போன் செய்தோம். அவர் படகும் சேற்றில்தான் கிடந்தது.

"தெக்கால ஓடையில தண்ணி இருக்கும்" என்றார் இவர். ஏரிக்குள் எப்போதும் வற்றாத ஆழமான வாய்க்கால் ஒன்று தெற்கே சுற்றிப் போகிறது. "அது வரைக்கும் போட்டத் தள்ளிகினு போவணும். ஆளு வேணும்."

ஆம்பிளைகள் பாதிப் பேர் கடலுக்குப் போயிருந்தார்கள். நான் ஆள் தேட ஓடலாமா என்று யோசிக்கும்போதே, பவானி சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகிக்கொண்டாள். ஹால் டிக்கெட், பேனா, ஸ்கேல் எல்லாவற்றையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டிப் படகுக்குள் வைத்தாள். அவ்வளவுதான். எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

நானும் இறங்கினேன். என்னால் உதவியைவிட இடைஞ்சல்தான் அதிகம்.

அந்தப் பிள்ளைகள் அந்தப் படகைத் தள்ளியதை எப்படி எழுதுவது? முந்தின இரவு 'எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல' என்று அழுதவர்கள் அவர்கள். "ஏலோ" என்று ஒருவன் குரல் கொடுக்க, தோளைப் படகில் முட்டுக் கொடுத்து, சேறு இடுப்பில் அப்ப, ஒரு முழம், இன்னொரு முழம் என்று நகர்த்தினார்கள். நடுவில் தினேஷ், "இத்தயும் ஒரு அஞ்சு மார்க்கு கேள்வியா வெச்சா நல்லா இருக்கும்" என்றான். சிரித்தால் பிடி விட்டுவிடும் என்று எல்லோரும் அவனைத் திட்டினார்கள்.

தூரத்தில் பூநாரைகள் ஒரு பெரிய கூட்டமாக நின்றிருந்தன. நாங்கள் போட்ட சத்தத்தில் அத்தனையும் ஒன்றாக எழும்பின. வானம் ஒரு நொடி இளஞ்சிவப்பானது. யாரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.

படகு ஓடைத் தண்ணீரில் விழுந்து மிதந்தபோது இன்னும் நேரம் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. ஏறி, விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் ஓடத் தொடங்கி, ஓடை ஒரு திருப்பம் திரும்பியது.

குறுக்கே வலை கட்டியிருந்தது.

அடுத்தவர் பாடு

எங்கள் ஏரியில் மீன்பிடி இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு உன் பாடு என்றால் அந்த இடம் உனக்கு. முறை இல்லாதவன் அங்கே துடுப்புகூடப் போட மாட்டான். முறை ஒரு தடவை போனால் அடுத்தது சுற்றி வர நாளாகும்.

அன்றைக்கு அந்த ஓடை தெற்கே இருக்கும் ஊர்க்காரர்களின் பாடு. ஒரு சேற்றுமேட்டிலிருந்து எதிர் மேடு வரைக்கும் வரிசையாகக் கம்பு நட்டு வலையைக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கம்பின் பக்கத்திலும் ஒருவர் மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். ஏரி முழுக்க வற்றியதால் மீனும் இறாலும் அந்த ஓடைக்குள்தான் ஒதுங்கியிருந்தன. வலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொதிப்பது போலத் துள்ளிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வருடத்தில் எப்போதாவது வாய்க்கும் காலை அது.

"ஏய்! யார்ரா அது? கண்ணு தெரியலியா? வலை கட்டிக் கீது!"

கத்தியவன் நடுக்கம்பில் நின்ற இளைஞன். சூர்யா என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இவர் எஞ்சினை நிறுத்தினார். நிறுத்தியதும் அவர் தோள் இறங்கியது. "திரும்பிடலாம். தண்ணி ஏறட்டும்."

தண்ணீர் ஏறும்போது விடைத்தாளை வாங்கிக் கட்டிவிடுவார்கள். பவானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீர்த்தனா சொன்னாள்: "நைனா, கோலப் படுக்க வை."

"வாயக் கயுவுடி!" என்றார் இவர்.

அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. படகு தள்ளும் நீளமான கோலைப் படகின் குறுக்கே படுக்கவைத்து, எதுவும் பேசாமல் வலைக்கு முன்னால் போய் நின்றால், அந்தப் படகில் சாவு இருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் பிரசவ வலியில் ஒரு பெண் இருக்கிறாள். இரண்டில் எது என்று வலைக்காரர்கள் கேட்க மாட்டார்கள். வலையை இறக்கி வழிவிட்டுவிடுவார்கள், உள்ளே எவ்வளவு மீன் இருந்தாலும். பாடு முறையை மீறி வழி கிடைப்பது இந்த இரண்டுக்கு மட்டும்தான்.

"வேற வழி சொல்லு நைனா."

"பரீட்சைக்கு எவனும் கோல வெச்சதில்ல."

"வெக்கக் கூடாதுன்னு எவனாவது சொல்லிக் கீறானா?"

அவர் கோலைத் தொடவில்லை.

அவளே எடுத்தாள். அவளைப் போல மூன்று மடங்கு நீளம் அந்தக் கோல். தினேஷ் எழுந்து மறுமுனையைப் பிடித்தான். வாயாடிப் பையன், அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேருமாக அதைக் குறுக்கே படுக்கவைத்தார்கள்.

துண்டு

எதிரே சத்தம் நின்றது.

முதல் கம்பில் நின்ற பெரியவர், தேசப்பன் என்று பெயர், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்தவர் அவிழ்த்தார். அதற்கடுத்தவர். எங்களைத் திட்டிய சூர்யாவும் அவிழ்த்தான். பிறகு ஒவ்வொருவரும் வலையின் மேல்கயிற்றில் காலை வைத்து அழுத்தத் தொடங்கினார்கள். மிதவைகள் தண்ணீருக்குள் முங்கின.

கடந்துவிடலாம் என்று எனக்குப் புரிந்தது. கடவுளே, கடந்துவிடலாம். இன்னும் கொஞ்ச நேரம் எல்லோரும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

கீர்த்தனா எழுந்து நின்றாள். "மாமா! இருங்க!"

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உட்காரவில்லை.

"சாவு இல்ல மாமா. பொறப்பும் இல்ல. எங்களுக்குப் பரீட்சை. பழவேற்காடு போவணும். வேற எங்கயும் தண்ணி இல்ல."

முங்கிய மிதவைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அந்தச் சத்தத்தை நான் இன்னும் கேட்கிறேன்.

"பரீட்சையா?" என்றான் சூர்யா. "இன்னிக்குப் பரீட்சைக்குக் கோல வைப்பீங்க, நாளிக்கி சினிமாக்கு வைப்பீங்க. எறா எம்மாம் கீதுன்னு பாத்தியா? இத்த வுட்டா எங்க வூட்ல அடுப்பு நீ வந்து பத்த வைப்பியா?"

அவன் சொன்னதில் தவறு இல்லை.

தேசப்பன் தண்ணீரில் இரண்டடி முன்னால் வந்தார். "சொல்லாம இருந்தா தாண்டிப் போயிருப்பியேம்மா."

"ஆமா மாமா."

"அப்புறம் இன்னாத்துக்குச் சொன்ன?"

"துண்ட எடுத்துட்டீங்களே மாமா" என்றாள்.

நான் இத்தனை வருடமாக அவளுக்குப் பதில் சொல்லக் கற்றுக் கொடுத்தவள். அந்தப் பதிலை நான் கற்றுக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது.

தேசப்பன் தன் ஆட்களைப் பார்த்து, "அவனவன் கம்புக்கு அவனவன்தான். நான் சொல்ல மாட்டேன்" என்றார். திரும்பித் தன் கம்புக்கு நடந்தார். கயிற்றில் காலை வைத்தார். அவர் பக்கத்து மிதவைகள் முங்கின.

இரண்டாமவர் வைத்தார். ஒருவர் ஏரியைப் பார்த்தார், துள்ளும் இறாலைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே வைத்தார். ஒருவர் எதையும் பார்க்காமல் வைத்தார். இந்த மனிதர்கள் எங்கள் உறவில்லை. எங்கள் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் எல்லைத் தகராறு நடந்ததுண்டு. மிதவைகள் வரிசையாகக் காணாமல் போய்க்கொண்டே வந்து, நடுவில் சூர்யாவின் கம்பில் நின்றன.

"பாஸ் பண்ணுவியா?" என்றான்.

"தெரியாதுண்ணா. எயுதினாத்தான் தெரியும்."

"தெரியாதாம்!" என்றான் மற்றவர்களிடம். "இதுக்குத்தான் நான் எறாவ வுடணுமாம்." யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கயிற்றில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றான்.

எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டார் இவர். அதன் விசிறி பட்டால் வலை கிழிந்துவிடும். கயிற்றை மிதித்தபடியே, இரண்டு பக்கமும் நின்றவர்கள் படகைப் பிடித்து, கையால் நடத்திக் கொண்டுபோனார்கள்.

வலை தாழ்ந்த இடத்தில் மீன்கள் பாய்ந்தன. மடவை மீன்கள் வெள்ளி வெள்ளியாக எழும்பி எங்கள் தலைக்கு மேலே வளைந்து போயின. சில என் மடியில் விழுந்தன. பவானியின் தோளில் ஒன்று மோதியது. படகின் அடியில் இறால்கள் படபடத்தன. நான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகள் உட்காரவில்லை. ஒருவரும் சொல்லாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல், படகில் விழுந்த மீன்களை இரண்டு கையாலும் அள்ளி, வலைக்கு உள்பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள். ஒவ்வொன்றாக. கீர்த்தனா குனிந்து பலகைக்கு அடியில் கைவிட்டு, ஒளிந்திருந்த ஒற்றை இறாலைத் தேடி எடுத்து எறிந்தாள். அவர்கள் பாடு நாளில் பிடிபட்டது, அவர்களுடையது. அத்தனை அவசரத்திலும்.

தண்ணீரில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள்.

வெறுந்தலை

பள்ளி வாசலில் ஒரு ஆசிரியர் கேட்டைப் பாதி மூடிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இடுப்பு வரை சேறோடு ஓடி வந்த கூட்டத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "குழாய்ல கால கழுவிட்டு ஓடுங்க, ஓடுங்க" என்று கேட்டை மறுபடியும் திறந்தார். கீர்த்தனா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். மணி அடித்தது.

எதிரில் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். இவர் டீ வாங்கி வந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும் இப்போதும், நாட்கள் பல ஆகிவிட்ட பிறகும், அந்த மிதவைகள் மேலே வந்த இடத்துக்கு நினைவு போனால் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போகிறேன்.

வெயில் ஏறியது. பழவேற்காட்டுத் தெருவில் மீன் கூடைகள் போய்க்கொண்டிருந்தன. பரீட்சை முடியும் நேரத்தில் தெருமுனையில் அவர்கள் வந்தார்கள். தேசப்பன் முன்னால், மற்றவர்கள் பின்னால், ஈர லுங்கியோடு. சூர்யாவும் இருந்தான். பள்ளிக்கு எதிர்ப்பக்கம் வரிசையாக நின்றுகொண்டார்கள்.

"சண்டைக்கு வந்துட்டாங்களா?"

"இல்லமே" என்றார் இவர். அவரும் எழுந்து நின்றுவிட்டார். "தலையப் பாரு."

அந்த உச்சி வெயிலில் ஒருவர் தலையிலும் துண்டு இல்லை. அத்தனை பேர் துண்டும் தோளில் கிடந்தது. வலையை இழுத்து, மீனை அள்ளி, கரை சேர்த்து, இவ்வளவு நேரமும் வெறுந்தலையாகவே இருந்திருக்கிறார்கள்.

இவர் மெதுவாகச் சொன்னார். கோலுக்கு வலையை இறக்கியவர்கள், சேதி கேட்கும் வரைக்கும் தலையில் துண்டு கட்டமாட்டார்கள். சாவு என்றால் அந்த வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். பிரசவம் என்றால் வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். பதில் கேட்ட பிறகுதான் வீட்டுக்குப் போவார்கள்.

"பரீட்சைக்கு இன்னா கேப்பாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? யாருக்குத் தெரியும்?"

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கீர்த்தனாவின் விரலெல்லாம் மை. அவசரத்தில் சரியாகக் கழுவாத சேறு முழங்காலுக்குக் கீழே காய்ந்து வெடித்திருந்தது. எதிரே நின்றவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

தேசப்பன் தெருவைக் கடந்து வந்தார். எங்கள் முன்னால் நின்றார். என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தாடையைத் தடவினார். பின்னால் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்களும் அவரைத்தான் பார்த்தார்கள்.

கடைசியில், பிரசவத்துக்குக் கேட்கும் கேள்வியையே என்னிடம் கேட்டார்.

"ரெண்டும் நல்லா இருக்குதாம்மா?"

தாயும் பிள்ளையும். ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தும் திறந்தேன்.

"நல்லா இருக்குதுண்ணா. ரெண்டும் நல்லா இருக்குது."

அவர் தலையசைத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். எதிர்ப்பக்கத்தில் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டார்கள். திரும்பி நடந்தார்கள்.

சூர்யா மட்டும் நின்றான். "எல்லாத்தயும் எயுதினியா?"

"ஒண்ணு வுட்டுட்டேண்ணா" என்றாள் கீர்த்தனா.

"அதான பாத்தேன்" என்றான். துண்டை உதறித் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் ஆட்களுக்குப் பின்னால் ஓடினான்.